லைலாட மாப்பிள்ள

எங்கள் ஊர்த் தோணாவை முதன்முதலில் துப்புரவு செய்ய இறங்கியவன் நான்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இப்போது ஊரில் ஒருவரும் இதைச் சொல்வதில்லை.

தோணா என்பது இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் சாய்ந்தமருதுக்குள் வளைந்து நெளிந்து போய்க் கடலில் விழும் நீரோடை. மாரியில் பெருகி வீட்டுக்குள் வரும். கோடையில் வாய் அடைபட்டு, ஆற்றுவாழைச் செடி படர்ந்து மூடி, பொலித்தீனும் பம்பர்ஸுமாக நாறிக் கிடக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு நான் தனியாளாக இறங்கி ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் போட்டேன். பெயின்ற் கடை முதலாளி சரீபுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். அடுத்த வெள்ளி எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பாயிஸ் வந்தான். அதற்கடுத்த வெள்ளி இன்னும் ஆறேழு பேர். 'தோணா நண்பர்கள்' என்று பெயர் வைத்தது நான், பச்சை ரீசேட் அடித்தது நான், பேஸ்புக்கில் படம் போட்டது நான். தலைவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஹஜ்ஜுப் பெருநாளைத் தவிர. வருடம் முழுக்க நாங்கள் அள்ளியதெல்லாம் அந்த ஒரு நாளில் வீணாகிவிடும். குர்பான் மாடு அறுத்து இறைச்சியைப் பங்கு வைத்த பின் குடல் கழுவிய தண்ணீர், வயிற்றுச் சாணம், தோல் துண்டு எல்லாம் தோணாவுக்கு வரும். பெருநாள் கழிந்து ஏழெட்டு நாளைக்குப் பாலத்தைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

போன வருடம் அதற்கும் ஒரு முடிவு கட்டுவதென்று நின்றேன். பாலத்தடியில் பெரிய பதாகை கட்டினேன். பள்ளி லவுட்ஸ்பீக்கரில் அறிவிக்கச் செய்தேன். பெக்கோ இயந்திரம் பிடித்துக் கடற்கரைப் பக்கம் ஆளுயரக் குழி வெட்டினேன். பெருநாளன்று நானும் பாயிஸும் குழிக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு பகல் முழுக்க நின்றோம். குழிக்குள் ஒரு தெருநாய் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிப் போனது. வேறொன்றும் வரவில்லை. எல்லாம் வழக்கம்போலத் தோணாவுக்கே போனது.

அதற்கடுத்த கூட்டம் எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது. சனம் திருந்தாது, போலீஸைக் கொண்டுதான் திருத்த வேண்டும் என்று நான் கதைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி சித்தி லைலா, தட்டத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒன்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க ராத்தா" என்றான் பாயிஸ்.

"இஞ்ச இரிக்கிற எல்லாரும் வந்த மாப்பிள்ளமாரு. எங்கட ஒழுங்கையில ஒங்கட பேச்ச ஆரு கேப்பா? மாட அறுக்கிறதோட ஆம்பிளையள்ட வேல முடிஞ்சிரும். குடல எங்க கழுவுற, சாணத்த எங்க கொட்டுற எல்லாம் பொம்பிளையள்ட காரியம். அவங்களுக்கிட்ட நீங்க ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல்லியே."

இதை ஊருக்கு வெளியே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அதனால் ஒரு ஒழுங்கைக்குள், அதாவது ஒரு சந்துக்குள், பார்த்தால் பெண்களெல்லாம் ராத்தா, தங்கச்சி, சாச்சி மகள், பெரியம்மா மகள் என்று ஒரே இரத்தம். ஆண்களெல்லாம் வேறு வேறு ஒழுங்கைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். நான் இந்த ஒழுங்கைக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. இன்னும் 'லைலாட மாப்பிள்ள'தான்.

என் குழுவைச் சுற்றிப் பார்த்தேன். உண்மைதான், ஒருவன்கூட இந்த ஒழுங்கையில் பிறந்தவனில்லை. வந்த மாப்பிள்ளைகள் பத்துப் பேர் கூடி, பிறந்த பெண்களுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை என் வீட்டில் வைத்து, என் ஆட்களுக்கு முன்னால், என்னைக் கேட்காமல் சொன்னாளே என்றுதான் இருந்தது.

"அப்ப ராத்தா, வாற பெருநாள நீங்களே பொறுப்பெடுங்களன்" என்றான் பாயிஸ்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பாயிஸ் இன்னும் ஒருபடி மேலே போய், வாற பெருநாளில் தோணா நாறாவிட்டால் லைலா ராத்தாதான் இனித் தலைவர் என்றான். பகிடிக்குச் சொல்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருந்தன்மையானவன் போல நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

முதல் கூட்டத்தில் அவள் தோற்றாள். அன்று எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது. அவளுடைய சாச்சி மகள் றிஸ்னா வீட்டில் பெண்களைக் கூட்டியிருந்தாள். கதிரை இறக்கப் போன நான் முற்றத்தில் நின்று கேட்டேன். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பது வரை சரியாக வந்தது. அதற்குப் பிறகு குரல் நடுங்கியது. பேப்பரில் எழுதியதை வாசித்தாள், இடையில் வரி தவறியது. உள்ளே பெண்கள் வேறு கதை கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். "நீங்க கூட்டத்துல எப்பிடிப் பயமில்லாமக் கதைக்கிற?"

"அது தன்னால வரணும் புள்ள. சொல்லித்தந்து வாறதில்ல."

சொல்லித் தந்திருக்கலாம். எனக்கும் ஆரம்பத்தில் கால் நடுங்கியதுதான். ஆனால் நான் பாடுபட்டுப் பழகியதை அவளுக்கு ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

அதற்குப் பிறகு அவள் கூட்டம் வைக்கவில்லை. வீடு வீடாகப் போனாள். போய்க் குசினியில் குந்திக்கொண்டு, வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். என்ன கேட்டாள்? குடலை ஏன் தோணாவில் கழுவுகிறீர்கள் என்று. நான் வருடக்கணக்காகக் கேட்காத கேள்வி. பதில் சின்னது. நல்ல குடலை யார் புதைப்பார்கள்? அது சாப்பாடு. என் பதாகையில் நான் அதையும் புதைக்கச் சொல்லியிருந்தேன். கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், பைப்பில் பெருநாளன்று தண்ணீர் நூலாகத்தான் வரும், முற்றத்தில் கழுவினால் விருந்துக்கு வருகிறவர்களுக்கு மணக்கும். கழுவுவதற்கு வேறு இடம் தந்தால் வருவோம், ஆனால் ஆண்கள் பார்க்கிற இடமென்றால் வரமாட்டோம்.

பாலத்துக்குக் கிட்ட, றிஸ்னாவின் வீடில்லாத வெறும் வளவில் ஒரு நல்ல கிணறு இருக்கிறது. அதைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டி மறைப்பது, மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைப்பது, கழுவிய தண்ணீர் போகத் தள்ளிக் குழி வெட்டுவது என்று லைலா திட்டம் போட்டாள். சாணத்துக்கும் ஆள் பிடித்தாள். காரைதீவில் குணம் என்றொருவர், நாவிதன்வெளியில் வயல் செய்கிறவர், பசளைக்கு எடுக்கிறேன் என்றார். அவரை எனக்குத்தான் முதலில் தெரியும், என் கடையில்தான் பெயின்ற் வாங்குவார். நேரே அவளுக்குக் கோல் எடுக்கிறார்.

ஒரு இடத்தில் அவள் பிழை விட்டாள். எல்லா வீட்டுக் குடலையும் ஒரே பெரிய தொட்டியில் கழுவலாம் என்று சொல்லிவிட்டாள். பெண்கள் கொதித்தெழுந்தார்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் பங்காளிகள் வேறு, குர்பான் கொடுத்தவர் வேறு, ஒருவர் மாட்டுக் குடல் அடுத்தவர் மாட்டோடு கலந்தால் பங்கு என்னாவது? பாதிப் பேர் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். முடிந்தது கதை என்று நான் கடையில் இருந்து ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டேன். அன்று பின்னேரமே அவள் அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போனாள். "என்ட பிழ. நான் யோசிக்கல்ல. ஒவ்வொரு மாட்டுக்கும் வேற வேற பேசின் வெப்பம்" என்றாளாம். போனவர்கள் திரும்பி வந்தார்கள், வராதிருந்தவர்களும் சேர்ந்து வந்தார்கள். இது என்ன நியாயம்? நான் தலைவராக இருந்த காலம் முழுக்க ஒரு தடவைகூட 'என் பிழை' என்று சொன்னதில்லை. தலைவன் சொல்லக்கூடாது என்றல்லவா நினைத்திருந்தேன்.

பெருநாள் நெருங்க நெருங்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒழுங்கைக்குள் லைலாட மாப்பிள்ள என்பது பழகிப்போனது, போகட்டும். கல்முனை பஸாரில் நான் சரீப். பெயின்ற் கடை சரீப். ஒருநாள் மருதமுனையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்து, இனாமல் வாளியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க லைலா ராத்தாட மாப்பிள்ளயா? எங்கட ஊருக்கும் அவவ வரச் சொல்லுங்களன்" என்றாள். அவளுக்கு ஒரு சதம் குறைத்துக் கொடுக்கவில்லை.

வீட்டில் அவள் முன்போலத்தான் இருந்தாள். சோறு போட்டாள், சேட் அயர்ன் பண்ணினாள். ஆனால் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கதைக்கும்போது குரல் நடுங்குவதில்லை. நான் அதைக் கவனித்தேன். வேறு யார் கவனித்திருப்பார்கள்?

பெருநாள் காலை தொழுகையில் நான் மழை கேட்டு துஆ செய்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். மழை வரவில்லை. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது.

பத்து மணியளவில் றிஸ்னாவின் வளவுக்குப் போனேன். ஆண்களுக்கு வெளியேதான் வேலை, குடல் வாளிகளைப் படங்கு வாசல் வரை தூக்கிக் கொடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும் பெண்களின் கலகலப்பும் கல்யாண வீடு போலக் கேட்டது. குணத்தின் டிரக்டர் பெட்டி அரைவாசி நிரம்பிவிட்டது. வாளிக்கு மேல் வாளியாக வந்துகொண்டிருந்தது. நான் பாலத்துக்கு நடந்து போய் எட்டிப் பார்த்தேன். தோணாவில் தண்ணீர் மட்டும் கிடந்தது. சந்தோசப்பட வேண்டியவன், எனக்கு மூஞ்சி தொங்கிப்போனது.

அப்போதுதான் பெட்டி பூட்டிய ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது. அக்கரைப் பக்கத்திலிருந்து பாலத்தடிக்கு. பெட்டி நிறையக் குடலும் சாணமும், மேலே இலையான் மொய்க்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் என் நானா, கூடப்பிறந்த அண்ணன், சீனிமுகம்மது. மர ஆலைக்காரர், ஊரில் பெரிய கை, வருடா வருடம் இரண்டு மாடு கொடுக்கிறவர். அவருடைய மனைவி கிணற்றடிக்கு அனுப்புகிறேன் என்று லைலாவுக்குச் சொல்லியிருந்தாள். ஆனால் பெண்கள் கழுவும் இடத்தில் தன் பெட்டி வரிசையில் நிற்பதாவது என்று நானாவுக்கு இருந்திருக்கும். நேரே தோணாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்கு நெஞ்சு துள்ளியது. நானாவை ஊரில் யாரும் மறிப்பதில்லை. அவர் ஒரு பெட்டி கொட்டினால் போதும், பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் எல்லோரும் கொட்டுவார்கள். பின்னேரத்துக்குள் தோணா நாறும். நான் மறுபடியும் தலைவர்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். லைலா வந்தாள். அபாயா முழங்கால் வரை நனைந்து, கையில் றப்பர் கையுறையோடு, லேண்ட்மாஸ்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மச்சான், இஞ்ச கொட்டாதீங்க. கிணத்தடிக்கு எடுங்க. நாங்க கழுவித் தாறம்."

நானா அவளைப் பார்க்கவேயில்லை. அவளுடைய தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"சரீப், உன்ட பொஞ்சாதியத் தள்ளி நிக்கச் சொல்லு."

பாலத்தில் நின்ற அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பாயிஸ், குணம், என் குழுப் பையன்கள், படங்குக்கு வெளியே எட்டிப் பார்த்த பெண்கள். லைலாவும் திரும்பினாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது. முதல் கூட்டத்தில் பேப்பரைப் பிடித்திருந்தாளே, அப்போது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

நான் செய்யக்கூடியது இரண்டு இருந்தது. நானாவைத் தனியே கூட்டிப்போய்ச் சமாளிக்கலாம். என்னால் முடியும், எனக்கு அவரைக் கையாளத் தெரியும். அல்லது லைலாவை வீட்டுக்குப் போகச் சொல்லலாம். நான் மூன்றாவதொன்று செய்தேன். பெரிய ஆளாகத்தானே ஆசைப்பட்டாய், இப்போது தனியாக நின்று பார், நான் கை கொடுக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னேன்.

"என்னட்டக் கேக்காதீங்க நானா. இதுக்குத் தலைவர் நானில்ல. அவதான் தலைவர். அவக்கிட்டயே கதைங்க."

கையைக் கட்டிக்கொண்டு அவள் விழுவதைப் பார்க்க நின்றேன்.

பிறகு லைலா கையுறையைக் கழற்றினாள்.

"மச்சான், கேட்டீங்கதானே" என்றாள். குரல் நடுங்கவில்லை. "ஒங்கட மாட்டுக்கு ரெண்டு பேசின் ஒதுக்கி வெச்சிரிக்கன். ஒங்கட ஊட்டாக்கள்ட பங்கு ஒரு துண்டும் மாறாது. தோணாக்குள்ள மட்டும் கொட்ட விடமாட்டன்."

றிஸ்னா படங்குக்கு வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும், நனைந்த உடுப்போடு, ஆண்கள் பார்க்கிறார்களே என்றும் பாராமல் வந்து நின்றார்கள்.

நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு விளங்காத ஒரு சிரிப்பு. "தம்பியே சொன்னதுக்குப் புறகு நான் என்ன சொல்ற. திருப்பு மனே" என்று லேண்ட்மாஸ்டர்காரனுக்குச் சொன்னார். பெட்டி திரும்பிக் கிணற்றடிக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. பாயிஸ் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "சரீப் நானா, சொந்த நானாவுக்கு முன்னால பொஞ்சாதிய விட்டுக் குடுக்காம நின்டீங்களே, நீங்கதான் மனிசன்" என்றான். குணம் வந்து கை கொடுத்தார். படங்குக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி, லைலாவுக்கு அல்லாஹ் நல்ல மாப்பிள்ளையைக் கொடுத்திருக்கிறான் என்று உரத்துச் சொன்னாள். நான் ஆற்றுவாழை இழுத்தபோது கிடைக்காத பாராட்டு, குழி வெட்டியபோது கிடைக்காத பாராட்டு, அவளைத் தள்ளிவிட நினைத்த வார்த்தைக்குக் கிடைத்தது. வாங்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் குளித்து, உடுப்பு மாற்றி, குசினியில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. தோணா நாறவில்லை. பாயிஸ் ஏற்கெனவே குழுவின் வட்ஸ்அப்பில் அவளைத் தலைவராக்கி, பெரிய பெரிய பூப்படங்களெல்லாம் போட்டுவிட்டான். எனக்கு ஒரு பூ வந்திருந்தது.

"எல்லாரும் ஒங்களப் புகழுறாங்க" என்றாள்.

"ம்."

"நீங்க என்னத்துக்கு அப்பிடிச் சொன்னீங்க என்டு எனக்குத் தெரியும்."

நான் தட்டைப் பார்த்தேன்.

"நான் விழணும் என்டுதானே சொன்னீங்க."

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பதினெட்டு வருடம் கூட இருந்தவளிடம் அது எடுபடாது. சோற்றைப் பிசைந்தேன்.

"விழத்தான் பாத்தன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். "மச்சான் என்னப் பாக்காமக் கதைக்கக்குள்ள கால் ரெண்டும் ஆடின. ஓடிரலாம் என்டு இருந்த. அந்த நேரம் அவதான் தலைவர் என்டு ஒங்கட சத்தம் கேட்ட. என்ன நெனப்புல சொன்னீங்களோ, எனக்கு அது போதும். அதப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்டன்."

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளும் பொறாமை அப்படியே கிடந்தது, ஒரு துளி குறையவில்லை. கெட்ட எண்ணத்தோடு என் வாயில் வந்த வார்த்தையைக்கூட நல்லதாக்கி எடுத்துக்கொள்ள இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப ஆக்கள் இல்ல. பாயிஸ் இல்ல, மச்சான் இல்ல. நீங்களும் நானும்தான். அந்த வார்த்தைய இப்ப ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்."

ஊருக்கு முன்னால் கூச்சமில்லாமல் வந்த வார்த்தை. இரண்டே சொல். வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடியும் திறந்தேன். வரவில்லை.

அவள் காத்திருந்தாள். தலைவர்கள் இப்படித்தான் காத்திருப்பார்கள் போலும், அவசரப்படுத்தாமல், முகத்தைச் சுளிக்காமல். எனக்கு அப்படி ஒருநாளும் முடிந்ததில்லை.

பிறகு அவள் இறைச்சிச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"சரி, ஆறப் போகுது. சாப்பிடுங்க" என்றாள்.